மாத்திரையோடு முடிந்துவிடாத 72 மணி நேரம்

ஆணுறை கிழிந்திருக்கலாம். தினசரி கருத்தடை மாத்திரை சில நாள் விட்டுப்போயிருக்கலாம். பாதுகாப்பே இல்லாமலும் உறவு நடந்திருக்கலாம். மறுநாள் மனதைக் குடைவது பெரும்பாலும் கர்ப்பம் பற்றிய பயம்தான். மெடிக்கல் ஷாப்பில் தயங்கித் தயங்கி ஒரு மாத்திரை வாங்கிப் போட்டதும் கவலை விட்டது என்று இருந்துவிடுகிறார்கள். நோய்த்தொற்றை அந்த மாத்திரை தடுக்காது என்பது நினைவுக்கே வருவதில்லை.

மாத்திரை செய்யும் வேலை

ஐ-பில், அன்வான்டட் 72 ஆகிய பெயர்களில் விற்பது 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதை இது தள்ளிப்போடுகிறது. விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அது ஓயும்வரை முட்டை வராமல் இருந்தால் கரு உருவாகாது. முட்டை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் மாத்திரையால் பெரிய பயன் இல்லை. அதனால்தான் ‘மாத்திரை போட 72 மணி நேரம் இருக்கிறதே, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்’ என்பது தப்புக்கணக்கு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன்.

இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. கரு தங்கிய பிறகு போட்டால் கலையாது, கருவுக்குக் கேடும் செய்யாது. பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது. மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்றாலும், தமிழ்நாட்டில் பல கடைகளில் ‘இல்லை’ என்றே பதில் வரும். அங்கேயே நின்று நேரத்தைக் கழிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது.

போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். சில வலிப்பு மருந்துகளும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இதன் வீரியத்தைக் குறைக்கும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மாதவிலக்கு சில நாள் முன்பின் ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள்.

காப்பர் டி

உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் காப்பர் டி-யைக் கருப்பையில் பொருத்தினால் இதைவிட நம்பகமான அவசரக் கருத்தடை வேறில்லை. நூற்றுக்கு 99 பேருக்கு மேல் கர்ப்பம் தவிர்க்கப்படும். மேலே சொன்ன மருந்துகளும் குறுக்கே வராது. பிறகு பத்து ஆண்டு வரை வழக்கமான கருத்தடையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மறந்துபோகும் இன்னொரு கெடு

எச்ஐவி தொற்றியிருக்க வாய்ப்பு உண்டென்றால் அதைத் தடுக்கவும் மருந்து இருக்கிறது. அதற்கும் கெடு 72 மணி நேரம்தான். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்ஐவி சிகிச்சைக்கான ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். 1097 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம். மஞ்சள்காமாலை பி தடுப்பூசி போடாதவர்கள் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

உறவு விருப்பமின்றி நடந்திருந்தால், தனியார் மருத்துவமனை உட்பட எதுவும் சிகிச்சை தர மறுக்கவோ பணம் கேட்கவோ கூடாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் 181-ஐ அழைக்கலாம்.

கிளமிடியா, வெட்டை போன்ற பால்வினைத் தொற்றுகள் பலரிடம் அறிகுறியே காட்டாது. மறுநாளே சோதித்தால் தெரியவும் வராது; இரண்டு வாரம் கழித்து செய்வது சரியாக இருக்கும். எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் மூன்று மாதம் ஆனபின் இன்னொரு முறை சோதிக்க வேண்டும். அதுவரை ஆணுறை அவசியம். தொற்று உறுதியானால் துணைவரும் சிகிச்சைக்கு வர வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் போன நோய் மற்றவரிடமிருந்து திரும்பி வரும்.