பல்கலைக்கழகம் பிரிந்தால் கபடி அணிக்கு என்ன ஆகும்?

ஆந்திரத்தின் ராயலசீமாவில் மாறிக்கொண்டே இருக்கும் எல்லைகளும், சித்தூர் - திருப்பதி கல்லூரி வீரர்களும்

சித்தூர் மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. படிக்கும் கபடி வீரர் ஒருவர், பின்னாளில் மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கைகொடுக்கக்கூடிய சான்றிதழ்களில் ஒன்று ‘படிவம் 3’. இன்னார், இன்ன ஆண்டில், இன்ன பல்கலைக்கழகத்தின் சார்பில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினார் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்திட்டுத் தருவது அது. கல்லூரிக்காக எத்தனை கோப்பை வென்றிருந்தாலும் இந்தச் சான்றிதழ் கிடைக்காது. பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஆகவே, தன் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது என்பது அந்த மாணவரின் வேலைவாய்ப்பையே தொடுகிற விஷயம்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்த எல்லை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாறிக்கொண்டே வருகிறது. புதிய பல்கலைக்கழகங்கள் வந்தன. கல்லூரிகள் கைமாறின. மாவட்டமே பிரிந்தது. விளையாட்டு அணிகளுக்கு இதனால் என்ன ஆயிற்று?

போட்டி எப்படி நடக்கிறது?

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் நன்றாக ஆடுபவர்களைப் பொறுக்கி எடுத்துப் பல்கலைக்கழக அணி அமைக்கப்படுகிறது. அதற்கு மேல் உள்ள போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஐ.யு. 1925-இல் தொடங்கிய இந்த அமைப்பு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. தென் மண்டலத்தில் ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகியவற்றின் பல்கலைக்கழகங்கள் மோதுகின்றன.

கபடி, வாலிபால் போன்ற குழு ஆட்டங்களில் பொதுவாக மண்டலத்துக்கு நான்கு அணிகள் என்று 16 அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அதில் முதல் எட்டு இடம் பிடிப்பவற்றுக்கு ‘கேலோ இந்தியா’ பல்கலைக்கழக விளையாட்டுகளில் இடம். 2020-இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய போட்டி இது. 17 முதல் 25 வயதுக்கு உட்பட்ட மாணவர்களே இவற்றில் ஆட முடியும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஒருவருக்குக் கிடைப்பது மூன்றே பருவங்கள்.

ஒன்று பலவான வரலாறு

ஒரு காலத்தில் இந்தப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1954-இல் திருப்பதியில் ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்ததும் ராயலசீமாவுக்கு அதுவே தாய்ப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1981-இல் அனந்தபுரத்தில் ஸ்ரீகிருஷ்ணதேவராயா பல்கலைக்கழகம். 1983-இல் திருப்பதியிலேயே பெண்களுக்காக ஸ்ரீபத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம். 1997-இல் தமிழகமும் கர்நாடகமும் தொட்டுக்கொள்ளும் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம். 2006-இல் கடப்பையில் யோகி வேமனா. 2008-இல் நெல்லூருக்கு விக்ரம சிம்மபுரி, கர்நூலுக்கு ராயலசீமா பல்கலைக்கழகம். அதே 2008-இல் அனந்தபுரம் ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (ஜே.என்.டி.யு.) தனிப் பல்கலைக்கழகமாகி, இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. அடுத்து தனியார் பல்கலைக்கழகங்கள்: சித்தூரில் அப்போலோ, சந்திரகிரி அருகே 2022-இல் மோகன்பாபு பல்கலைக்கழகம்.

ராயலசீமா முழுவதற்கும் தாயாக இருந்த வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் ஆளுகை இன்று பெரும்பாலும் பழைய சித்தூர் மாவட்டத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பழைய மாவட்டமும் 2022 ஏப்ரல் 4 அன்று பிரிந்தது. பல்கலைக்கழகமும் அதன் வளாகத்தில் இருக்கும் தாரகராமா ஸ்டேடியமும் திருப்பதி மாவட்டத்தில் அமைந்தன. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. சித்தூர், நகரி, பலமனேர், புங்கனூர், குப்பம் ஆகியவை சித்தூர் மாவட்டத்தில் நின்றன.

இடம் கூடியது, பலம் குறைந்தது

இந்தப் பிரிவினையை முழுக்கக் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. கபடி அணி என்றால் 12 பேர். ஒரே பல்கலைக்கழகம் இருந்தபோது ராயலசீமா முழுவதற்கும் 12 இடம்தான். கடப்பையில் படித்தவர் திருப்பதிக்கு வந்து தேர்வுக்கு நிற்க வேண்டும். இன்று கடப்பைக்குத் தனி அணி, நெல்லூருக்குத் தனி அணி, கர்நூலுக்குத் தனி அணி. படிவம் 3 வாங்கக்கூடிய மாணவர்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியிருக்கிறது. மகளிர் பல்கலைக்கழகம் பெண்களுக்கென்று கூடுதலாக ஓர் அணியைத் தந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இணைவுக் கல்லூரி மாணவர்களிடம் வாங்கும் விளையாட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. முகாம், பயிற்சியாளர், சீருடை, ரயில் செலவு எல்லாம் அதிலிருந்துதான். கல்லூரிகள் கைமாறினால் அந்தப் பணமும் கைமாறும். மைதானத்தைப் பிரித்துக்கொடுக்க முடியாது. தாய்ப் பல்கலைக்கழகத்திடம் ஸ்டேடியம் இருக்கிறது, கல்லூரிகள் குறைந்துவிட்டன. பிரிந்துபோனவை எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய பாதிப்பு களத்தில் தெரிகிறது. அணிகள் பெருகியதால் தென் மண்டலப் போட்டியின் தொடக்கச் சுற்றுகள் ‘நாக்-அவுட்’ முறையில் நடக்கின்றன. லீக் ஆட்டங்கள் கடைசி நான்கு அணிகளுக்கே கிடைக்கும். ஒரு சிறிய பல்கலைக்கழக அணி இரவு முழுக்க ரயிலில் போய் இறங்குகிறது. மறுநாள் காலை எதிரே நிற்பது, ஆண்டு முழுக்க விடுதியில் வைத்துப் பயிற்சி தரப்படும் அணி. ஆண்கள் கபடி 40 நிமிட ஆட்டம். தோற்றால் அடுத்த ரயிலில் திரும்ப வேண்டியதுதான். ஓராண்டு உழைப்புக்குக் கிடைத்தது 40 நிமிடம். சான்றிதழ் கைக்கு வந்துவிடும், ஆட்டம் வளர்ந்திருக்காது.

நல்ல வீரர்கள் எங்கே போகிறார்கள்?

கேலோ இந்தியா போட்டிகள் வந்த பிறகு பல்கலைக்கழகங்களுக்கு விளையாட்டு ஒரு விளம்பர மேடையும் ஆகிவிட்டது. 2020-இல் முதலிடம் பெற்றது பழம்பெரும் பஞ்சாப் பல்கலைக்கழகம். 2022-இல் பெங்களூரு ஜெயின் பல்கலைக்கழகம். 2024-இல் சண்டிகர் பல்கலைக்கழகம். பின்னவை இரண்டும் தனியார் நிறுவனங்கள். விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசு தரும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையின் 2024-ஆம் ஆண்டு விருதும் சண்டிகர் பல்கலைக்கழகத்துக்கே போனது.

இலவச இடம், விடுதி, சத்தான சாப்பாடு, முழுநேரப் பயிற்சியாளர் என்று இத்தகைய பல்கலைக்கழகங்கள் அழைக்கும்போது எந்த வீரரும் போகத்தான் செய்வார். போகவும் வேண்டும். திருப்பதிக்குச் சென்னையும், சித்தூருக்கு வேலூரும், குப்பத்துக்குப் பெங்களூரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால், அந்தப் பிள்ளையை முதலில் அடையாளம் கண்டு காலையிலும் மாலையிலும் ஓடவிட்டது உள்ளூர்க் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரான பி.டி. பல கல்லூரிகளில் கபடிக்கும் கோ-கோவுக்கும் ஓட்டத்துக்கும் அவர் ஒருவர்தான். அந்த உழைப்புக்கு அவருக்கோ கல்லூரிக்கோ ஒரு ரூபாய் ஈடும் இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை.

அக்கம்பக்கத்திலும் அமெரிக்காவிலும்

இது ஆந்திரத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2002-இல் தொடங்கிய வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திடமிருந்து விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் பிரிக்கப்பட்டுப் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டன.

அமெரிக்காவில் கல்லூரிகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டமைப்புகளில் தாமாகவே சேர்ந்து ஆடுகின்றன. அங்கே எல்லையை மாற்றுவது தொலைக்காட்சிப் பணம். ‘பிக் டென்’ கூட்டமைப்பு 2022-இல் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் அதிகமான ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. நூறாண்டுப் பழமை கொண்ட ‘பசிபிக்-12’ கூட்டமைப்பிலிருந்து 2024-இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின. ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும் தனித்து நின்றன. கலிபோர்னியா மாணவர்கள் வாலிபால் ஆடக்கூட நாட்டின் மறுகரைக்கு விமானம் ஏற வேண்டியதாயிற்று. அங்கே முடிவெடுத்தது சந்தை, இங்கே அரசாணை. இரண்டு இடத்திலும் சிறியவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

என்ன செய்யலாம்?

பிரிந்த பல்கலைக்கழகங்களை மறுபடி ஒட்ட வேண்டியதில்லை. ஆட்டத்தை ஒட்டலாம். வெங்கடேஸ்வரா, பத்மாவதி, திராவிடம், யோகி வேமனா, விக்ரம சிம்மபுரி, ஸ்ரீகிருஷ்ணதேவராயா, ராயலசீமா ஆகிய ஏழு பல்கலைக்கழகங்களும் தென் மண்டலப் போட்டிக்கு முன் தங்களுக்குள் ஒரு லீக் நடத்தலாம். பேருந்திலேயே போய் வரும் தூரம்தான். ஒவ்வொரு அணிக்கும் ஐந்தாறு நல்ல ஆட்டங்கள் கிடைக்கும். இறுதி ஆட்டங்களைத் திருப்பதியில் மட்டும் வைக்காமல் சித்தூர் மெசானிகல் மைதானத்திலும் குப்பத்திலும் நடத்தினால் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

ஒரு கல்லூரி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்படும்போது, அதன் விளையாட்டுக் கட்டணமும் வீரர்களின் தகுதிப் பதிவுகளும் எப்படி மாறும் என்பதை அந்த ஆணையிலேயே எழுத வேண்டும். வீரரை முதலில் வளர்த்த கல்லூரியின் பெயரைச் சான்றிதழில் சேர்ப்பதற்குச் செலவே இல்லை. ஆந்திர அரசு தன் புதிய விளையாட்டுக் கொள்கையில் வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டை 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக உயர்த்தியிருக்கிறது. அந்தப் பலன் நகரிக்கும் புங்கனூருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் அங்குள்ள கல்லூரி அணிகள் உயிரோடு இருக்க வேண்டும்.

விளையாடும் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பாடப்பிரிவையும் கட்டணத்தையும் விசாரிக்கும்போதே இவற்றையும் கேளுங்கள்: கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது? கடந்த ஆண்டு தென் மண்டலப் போட்டிக்கு எந்தெந்த அணிகளை அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பியது? கல்லூரியில் பி.டி. இருக்கிறாரா? நீங்கள் கட்டும் விளையாட்டுக் கட்டணம் எதற்குச் செலவாகிறது? இவற்றுக்குப் பதில் கேட்பது உங்கள் உரிமை.