கோடு நேரானால் பலகை மிஞ்சும்

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். முசலிப் பக்கத்தில் அகத்திமுறிப்புக் குளத்தின் கீழ் நெல் விதைத்தவர்கள், இங்கே வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலிக்கு நின்றார்கள்.

முதலில் எழுந்தவை கிடுகுக் கொட்டில்கள். கொட்டிலுக்குக் கோடு கீற வேண்டியதில்லை. கப்பு நட்டு, வளை வைத்து, கயிற்றால் வரிந்து கட்டினால் போதும். கல்வீடு என்று வந்தபோதுதான் நிலை, கதவு, யன்னல், சிலாகை என்று மரவேலையும் கூடவே வந்தது. 2007இல் உலக வங்கியின் உதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோது, வீட்டுக்காரரே பணத்தைப் பெற்றுத் தம் பொறுப்பில் கட்டும் முறை கையாளப்பட்டது. 2009க்குப் பின் மன்னாருக்குத் திரும்பிய குடும்பங்கள் அங்கே மறுபடியும் அத்திவாரத்திலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு பலகை வீணாவது சிறிய காரியமல்ல.

பள்ளிவாசல்துறையிலும் அதைச் சுற்றிய கரையோரக் கிராமங்களிலும், தச்சரை எல்லாவற்றுக்கும் கூப்பிட முடியாமல் தாமே வாளை எடுக்கும் விவசாயிகள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். வாள் கோணிப் போய்விட்டது என்று வாளைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். நாம் பார்த்த அளவில், பிழை அதற்கு முன்னரே நடந்துவிடுகிறது. இடக்கையால் அடிமட்டத்தை அமுக்கிப் பிடித்து வலக்கையால் பென்சிலை இழுக்கும்போது, பாதி வழியில் மட்டம் ஒரு மயிரளவு நகர்கிறது. நகர்ந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை. அறுத்து, பொருத்தி, இடையில் வெளிச்சம் தெரியும்போதுதான் தெரியும். தச்சர்கள் ‘ஒரு நூல்’ என்று சொல்வது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கதவுச் சட்டத்தின் நாலு மூலையிலும் ஒரு நூல் பிசகினால் அந்தக் கதவு மழைக்காலத்தில் மூடாது.

கை நகரும். அதைத் தடுக்கக் கையை எடுத்துவிட்டு, மட்டத்தைப் பலகையோடு சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். இந்த வேலைக்குக் கடைகளில் அலுமினியத்தால் செய்த கிளாம்ப்கள் விற்கின்றன. அதே வேலையை இரண்டு மரச்சட்டமும் இரண்டு போல்ட்டும் செய்யும்.

செய்யும் விதம்

மூன்றரை அடி நீளம், இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்பு உள்ள இரண்டு சட்டங்களை எடுங்கள். தேக்கோ முதிரையோ நல்லது. புது மரத்தைவிடப் பழைய நிலையிலிருந்து கழற்றிய சட்டம் இன்னும் நல்லது. பல வருடம் காய்ந்த மரம் இனி முறுகாது. தென்னஞ்சட்டம் இதற்கு வேண்டாம். அலுமினிய யன்னல் செய்யும் கடையில் மிஞ்சிய பெட்டிச்சட்டத் துண்டு கிடைத்தால் மேற்சட்டத்துக்கு அதையே பாவிக்கலாம். அது காற்றுக்கும் ஈரத்துக்கும் வளையாது.

இரண்டு சட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு முனையிலிருந்தும் மூன்று அங்குலம் தள்ளித் துளை போடுங்கள். மேற்சட்டத்தின் துளை போல்ட்டுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். கீழ்ச்சட்டத்தின் துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பலகையின் தடிப்பு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தாலும் அது சாய்ந்து கொடுக்கும். எட்டில் மூன்று அங்குல மொத்தமும் ஐந்து அங்குல நீளமும் உள்ள போல்ட்டைக் கீழிருந்து மேலே விட்டு, ஒரு வொஷரும், கையால் திருகக்கூடிய இரண்டு காது வைத்த நட்டும் போடுங்கள். பலகை இரண்டு சட்டத்துக்கும் நடுவில், இரண்டு போல்ட்டுக்கும் இடையில் போகும். முப்பது அங்குலம் வரை அகலமான பலகையை இது பிடிக்கும். நாலு அடி அகலத் தகட்டுப் பலகை அறுப்பவர்கள் ஐந்து அடிச் சட்டமாகச் செய்துகொள்ளலாம்.

இனிச் சொல்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு முனையிலும் இறுக்கும்போது மேற்சட்டம் வில்லுப்போல வளைந்து நடுவில் பலகையை விட்டு எழும்பும். நடுவில் பிடி இல்லாவிட்டால் வாள் உரசும்போது சட்டம் அங்கேதான் தள்ளுப்படும். அதனால் மேற்சட்டத்தின் அடிப்பக்கத்தைச் சீவுளியால் முனைகளை நோக்கி இலேசாகச் சீவி, நடுப்பகுதி அரை நூல் அளவு புடைத்திருக்கும்படி விடுங்கள். பலகையில் வைத்தவுடன் இரண்டு முனையும் சற்று ஆடும். நட்டை இறுக்கியதும் முனைகள் கீழே வந்து முழுச்சட்டமும் ஒரே சீராக அமுங்கும். அடியில் பழைய மணல்தாளை ஒட்டிவிட்டால் வழுக்காது. கீழ்ச்சட்டத்தின் மேற்பக்கத்தில் சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டினால் பலகையில் தடம் விழாது.

சட்டம் நேரா?

கோடு கீறும் விளிம்பு நேராக இல்லாவிட்டால் கிளாம்ப் எவ்வளவு இறுகினாலும் பயனில்லை. சோதிப்பது இலகு. ஒரு வெள்ளைப் பலகையில் மூன்றடி இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். விளிம்பைப் புள்ளிகளில் சேர்த்து, கூரிய பென்சிலால் ஒரு கோடு. பிறகு சட்டத்தைக் கோட்டின் மறுபக்கமாகப் புரட்டி, அதே விளிம்பை அதே புள்ளிகளில் சேர்த்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் விளிம்பு நேர். நடுவில் வாழை இலைபோல இடைவெளி விரிந்தால், அந்த இடைவெளியில் பாதிதான் விளிம்பின் பிழை. மற்றப் பாதி புரட்டியதால் வந்தது. அவ்வளவை மட்டும் சீவி மறுபடி பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நேரான பொருள் எதுவும் கையில் இல்லையென்றால் மூன்று சட்டம் வேண்டும். இரண்டு சட்டம் ஒன்றோடொன்று வெளிச்சம் தெரியாமல் பொருந்தினாலும் நம்ப முடியாது. ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருக்கலாம். முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் முதலாவதும் பொருந்தினால் மூன்றும் நேர். வேறு வழியே இல்லை. இதே முறையில்தான் மூன்று இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சமதளம் ஆக்கலாம் என்று யோசப் விற்வேர்த் என்ற ஆங்கிலேயர் 1840இல் கிளாஸ்கோவில் விளக்கினார். அடுத்த வருடம் போல்ட், நட்டுகளின் புரிக்கு ஒரே அளவு வேண்டும் என்று முன்வைத்தவரும் அவரே. அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி புரி வெட்டியதால் ஓரிடத்து நட் இன்னோரிடத்துப் போல்ட்டுக்கு ஏறாது.

தென்னையும் பனையும்

குருநாகல், புத்தளம், கம்பஹா மூன்றும் சேர்ந்தது தென்னை முக்கோணம். ஆகவே இங்கே மலிவாகக் கிடைப்பது தென்னை மரந்தான். தென்னையைத் தேக்குப்போல நினைத்து அறுக்கக்கூடாது. அதற்கு ஆண்டு வளையம் கிடையாது, கணு கிடையாது. வெளிவட்டம் கறுத்து வைரமாக இருக்கும்; உள்ளே போகப்போக மென்மையாகிவிடும். அடிமரத்தின் வெளிப்பகுதி ஒரு கனமீற்றருக்கு 600 கிலோவுக்கு மேல் நிறை கொண்டது. உள்நடுப்பகுதி 400 கிலோவுக்கும் குறைவு. சிலாகையும் நிலையும் வெளிப்பகுதியில் எடுக்க வேண்டும். உட்பகுதி பாரம் தாங்காது.

கோடு கீறுபவருக்குத் தென்னை வைக்கும் சிக்கல் வேறு. கடினமான நார்க் கற்றைகள் மென்மையான சதைக்குள் நெடுக்கே ஓடுகின்றன. ஆணியாலோ கத்தியாலோ கீறினால் முனை நாரோடு போய்விடும். கையால் பிடித்த மட்டம் அதைத் தடுக்காது. கிளாம்ப் பூட்டிய சட்டத்தில் கத்தியைச் சாய்த்து, முதல் முறை அமுக்காமல் தடவிவிட்டு, இரண்டாம் மூன்றாம் முறை அழுத்துங்கள். நார் வெட்டுப்பட்ட கோட்டில் வாள் இறங்கினால் ஓரம் பிய்யாது. தென்னை வாளின் பல்லைச் சீக்கிரம் மழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மின்வாள் வைத்திருப்பவர்கள் காபைட் பல் உள்ள தட்டைப் பாவிப்பதே சரி.

பனையும் உள்ளே மென்மை, வெளியே வைரம். ஆனால் பெண்பனையை நினைத்தவுடன் தறிக்க முடியாது. பலா, ஈரப்பலாவோடு பெண்பனையும் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருகிறது. உங்கள் காணியில் நிற்கும் மரமானாலும் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

உருண்டை மரத்தில் இந்தக் கிளாம்ப் உதவாது. அங்கே நூல்தான். மரத்தின் இரண்டு முகத்திலும் தூக்குக்குண்டு பிடித்து நடுவால் நிமிர்கோடு கீறி, இரண்டு கோட்டின் மேல்நுனியையும் காவிக்கல்லோ கரியோ பூசிய நூலால் இணைத்துச் சுண்ட வேண்டும். பழைய எகிப்தியர் கல்லறைச் சுவர்களில் சிவப்புச் சாயம் தோய்த்த நூலைச் சுண்டிச் சித்திரங்களுக்குக் கட்டம் போட்டார்கள்; அந்தக் கோடுகள் சில சுவர்களில் இன்னும் தெரிகின்றன. நூலைச் சுண்டும்போது மரத்துக்கு நேர்மேலே தூக்கிவிட வேண்டும்; பக்கவாட்டில் இழுத்தால் கோடு வளையும். நீளம் பத்து அடிக்கு மேல் போனால் நடுவில் ஒருவர் விரலால் அமுக்க, இருபுறமும் தனித்தனியே சுண்டுங்கள். சோழகம் வீசும் மாதங்களில் இந்தக் கரையில் வெளியில் நின்று நூல் பிடித்துப் பாருங்கள், நாம் சொல்வது விளங்கும். காற்றே நூலை வளைத்துவிடும். விடிகாலையில் செய்வது புத்தி.

பத்துத் துண்டுக்கு ஒரு கோடு

ஒரு கோட்டுக்கு இந்தக் கிளாம்பை எடுத்துப் பூட்டிக் கழற்றுவது நேரத்தை வீணாக்கும் வேலை என்று ஒரு தச்சர் எம்மிடம் சொன்னார். அவருடைய கைக்கு அது உண்மை. எமக்குத் தெரிந்தவரை, இதன் முழுப்பயனும் ஒரே அளவான துண்டுகள் பல வெட்டும்போதுதான் வருகிறது.

வெங்காயம் காயவைக்கும் தட்டுக்குப் பன்னிரண்டு குறுக்குத் துண்டு வேண்டுமென்று வையுங்கள். ஒவ்வொன்றாக அளந்தால் பன்னிரண்டு அளவு, பன்னிரண்டு பிழைக்கு இடம். மாறாக இரண்டு அங்குலத் துண்டுகள் பன்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் இருபத்துநாலு அங்குலம், கிளாம்புக்குள் அடங்கும். ஒரு முனைகள் எல்லாவற்றையும் நேரான கட்டையில் தட்டிச் சேர்த்து, மறுமுனையில் கிளாம்பைப் பூட்டி ஒரே கோடு கீறுங்கள். மூலைமட்டம் இல்லாவிட்டால், வீட்டு அத்திவாரத்துக்கு மேசன்மார் நூல் கட்டும் கணக்கே போதும்: ஒரு பக்கம் 9 அங்குலம், மறுபக்கம் 12 அங்குலம் அளந்து, குறுக்கே 15 அங்குலம் வந்தால் மூலை சரி. கோழிக்கூடு, மீன் பெட்டி, யன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் இதுவே முறை. ஆண்கள் கடலுக்கோ கூலிக்கோ போன வீட்டில் பெண்களும் கோடு கீறி வைத்துவிடலாம். கைப்பலம் கேட்கும் வேலையல்ல இது.

அறுக்கும்போது வாளின் தடிப்பையும் கணக்கில் எடுங்கள். மின்வாள் ஒவ்வொரு அறுவையிலும் ஏறத்தாழ ஒரு நூல் அளவைத் தூளாக்கும். ஒரு பலகையை ஐந்து துண்டாக்க நாலு அறுவை. அரை அங்குலம் போய்விடும். அளவை முதலிலேயே முழுதும் குறித்துவிட்டு அறுத்தால் கடைசித் துண்டு குறைந்துதான் வரும். வாள் எப்போதும் கோட்டின் கழிவுப் பக்கம் நிற்க வேண்டும். கோடு வேண்டிய துண்டில் பாதியாவது தெரிய வேண்டும். மின்வாளின் அடித்தட்டைச் சட்டத்தோடு உரசவிட்டு அறுப்பவர்கள், தட்டின் ஓரத்திலிருந்து பல்வரை உள்ள தூரத்தை ஒரு சிறு கட்டையாக வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். பலகையை மடியில் வைத்தோ காலால் மிதித்தோ மின்வாளை ஓட்டாதீர்கள்.

கடற்காற்று போல்ட்டை ஒரே மாரியில் தின்றுவிடும். வேலை முடிந்ததும் புரியில் கிறீஸ் தடவுங்கள். கிறீஸ் இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய் போதும். சட்டங்களைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். முனையில் ஒரு துளை போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள். மாரி முடிந்து தை பிறந்ததும் ஒருமுறை இரண்டு புள்ளி வைத்து, புரட்டிக் கோடு கீறிப் பார்த்துவிட்டுப் பாவியுங்கள்.