கடற்புல்லைத் தேடிய ஆய்வு

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கரைகளை ஒட்டிய பாக் விரிகுடாவின் கடற்புல் பரப்புகளே கடல் உயிரியலாளர் பாலாஜி வேதராஜனின் ஆய்வுக்களம். அவர் நிறுவிய ஓம்கார் அமைப்பின் ஆராய்ச்சி, கல்வி மையம் கடலோரக் கிராமமான வெளிவயலில் இயங்குகிறது. பெருநகரப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு அவ்வப்போது கடலுக்கு வந்துபோகாமல், மீனவர் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே ஆய்வை வேரூன்றச் செய்ததுதான் இப்பணியின் தனிச்சிறப்பு.

கடற்புல் பாசி அல்ல. வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள தாவரம் அது. கடலடியில் வேர்பிடித்து, நீரை ஊடுருவி வரும் வெயிலில் உணவு தயாரிக்கிறது. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 13 மீட்டரைத் தாண்டாது. வெளிச்சம் தரைவரை எட்டுவதால் புல் செழிக்கிறது. ஓரா மீன் இந்தப் புல்லை மேய்கிறது. நண்டும் இறாலும் அதனூடே குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. கரையோர நாட்டுப்படகு மீனவரின் பிழைப்பில் பெரும்பங்கு இந்தப் புல்வெளியைச் சார்ந்தது என்றால் மிகையில்லை.

இதை மேய்ந்தே வாழும் பெரிய விலங்கு ஆவுளியா என்னும் கடல் பசு. வளர்ந்த ஆவுளியா நாளொன்றுக்கு 30 கிலோவுக்கும் மேல் தின்னும். 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றுதான் ஈனும். எனவே வலையில் சிக்கி ஒன்று இறந்தாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. மூச்சுவிட மேலே வர முடியாமல் போனால் அது நீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

தமிழகக் கடலில் ஆவுளியா ஆராய்ச்சி புதிதல்ல. மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த எஸ். ஜோன்ஸ், 1959இல் பிடிபட்ட இரண்டு ஆவுளியாக்களைப் பல ஆண்டுகள் அங்கே வளர்த்துக் கவனித்தார். அந்தத் தலைமுறையின் அறிவு பெரும்பாலும் பிடிபட்ட உடலிலிருந்து வந்தது. பாலாஜியின் பணியோ விலங்கு வாழும் இடத்திலிருந்து தொடங்குகிறது. எங்கே எந்தப் புல் இருக்கிறது, எது அடர்த்தி, எது அழிந்தது என்பதே முதற்கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேடக் கருவிகள் மட்டும் போதா. வாடைக் காலத்தில் விரிகுடா கொந்தளித்து நீர் கலங்கிவிடும்; தெளிந்த மாதங்களில்தான் முக்குளித்துப் பார்க்க முடியும். எந்தத் திட்டில் புல் உண்டு, எங்கே ஆவுளியா தலைகாட்டும் என்பதை அன்றாடம் கடலுக்குப் போகிறவர்கள் அறிவார்கள். அவர்களை வழிகாட்டிகளாகவும் ஆய்வுத் துணைவர்களாகவும் சேர்த்துக்கொண்டது அறிவியலுக்கே லாபம். வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்தாவது விடுவிக்கும் வழக்கம் இந்தக் கரையில் வலுப்பட்டதற்கும் இந்த நெருக்கம் ஒரு காரணம்.

அழிந்த இடங்களில் புல் வளர்க்க ஓம்கார் கையாளும் முறை எளியது. மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, வளமான திட்டிலிருந்து எடுத்த புல் நாற்றுகளை அதில் பிணைத்துக் கடலடியில் பதிக்கிறார்கள். வேர் பிடித்தபின் மூங்கிலும் கயிறும் மக்கிவிடும். பிளாஸ்டிக் சட்டத்தைப் போல் கடலில் எச்சம் தங்காது. தென்னை நிறைந்த பட்டுக்கோட்டைப் பகுதியில் கயிற்றுக்குப் பஞ்சமும் இல்லை.

2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. 2025இல் அபுதாபியில் கூடிய இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் மாநாடு அதை அங்கீகரித்தது. தஞ்சாவூர்க் கடற்கரையில் உள்ள மனோராவில் பன்னாட்டுக் கடல் பசுப் பாதுகாப்பு மையம் அமைக்கும் திட்டத்தையும் அரசு அறிவித்திருக்கிறது.

ஆனால் மிகப் பெரிய இடையூறு இன்னும் நீங்கவில்லை. விசைப்படகின் இழுவை மடி கடலடியைச் சுரண்டும்போது புல் வேரோடு பெயர்கிறது. கிளம்பும் சேறு மீதிப் புல்லுக்கு வெயிலை மறைக்கிறது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பூசலைக் குறைக்கவே வந்தது. புல்லுக்கு அது ஓய்வு தராது. சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியிருக்கிறது. ஆனால் விசைப்படகுகள் அந்த எல்லையை மீறிக்கொண்டிருக்கும்வரை, நட்ட புல் நிலைப்பது உறுதியில்லை.