மறதி முற்றுவதற்குள் செய்ய வேண்டியவை

புணே ஹடப்சரில், விவசாயிகள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துச் சுமார் 400 ஏக்கரில் உருவாக்கிய குடியிருப்பு மகர்பட்டா சிட்டி. ஐ.டி. வேலைக்காக அங்கே குடியேறிய பிள்ளைகளோடு ஊரிலிருந்து வந்து தங்கும் தமிழ்ப் பெற்றோரும் உண்டு. மாலை நடைக்குப் போன அப்பா, ஒன்றுபோல நிற்கும் கட்டடங்களுக்கிடையே வழி மாறிவிட்டால் பதற வேண்டாம்; புது இடத்தில் யாருக்கும் நேர்வதுதான். ஆனால், பல காலம் வாழ்ந்த சொந்தத் தெருவிலேயே தடுமாறுகிறார், கரண்ட் பில்லை இரண்டு முறை கட்டுகிறார், காலையில் பேசியதை மாலையில் அடியோடு மறக்கிறார் என்றால் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

மறதி கூடியிருந்தும் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிற நிலையை ‘லேசான அறிவாற்றல் குறைபாடு’ என்கிறார்கள் மருத்துவர்கள். இந்த நிலையில் சிகிச்சைக்கு வருவோரில் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 10 முதல் 15 பேருக்கு அது டிமென்ஷியா எனப்படும் மறதி நோயாக மாறுகிறது. பலர் அதே நிலையில் நீடிக்கிறார்கள். சிலர் இயல்புக்கும் திரும்புகிறார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

முதலில் பரிசோதனை

வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும், கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். நினைவாற்றல் சோதனையில் தேதி கேட்பார்கள், சில சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள். மராத்தியிலோ இந்தியிலோ கேட்டால் தமிழ் மட்டுமே தெரிந்த அம்மா விழிக்கத்தான் செய்வார். அது மூளையின் குறை ஆகாது. சோதனையைத் தமிழில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். அவர் படித்த வகுப்பையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, மது, காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் உலக அளவில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது 2024ஆம் ஆண்டு லான்செட் ஆணைய அறிக்கை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் பதினோராவது மாடியில் அடைந்து கிடக்கும் பெற்றோருக்குக் காது கேட்கும் கருவியும் தினசரி நடையும் தமிழ் பேசும் நாலு பேரும் அவசியம்.

கையெழுத்து செல்லும்போதே

பவர் பத்திரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லாமல் போகும். பிறகு காப்பாளர் நியமனத்துக்கு நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். ஆகவே உயில், வங்கிக் கணக்கில் கூட்டுப் பெயர், நாமினி எல்லாவற்றையும் தெளிவு இருக்கும்போதே முடியுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, தன் சார்பில் சிகிச்சை முடிவுகளுக்குத் துணை நிற்பவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டே நியமிக்கலாம்.

பிள்ளைக்கு வீட்டை எழுதிவைப்பதானால், ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேருங்கள். பராமரிக்க மறுத்தால், மூத்த குடிமக்கள் சட்டம் 2007இன்படித் தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். கைவிடுவது குற்றம், மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 எண்களை அழையுங்கள். டாக்டரைப் பார்ப்பதையும் பத்திர வேலையையும் அடுத்த லீவுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.