தெய்வத்துக்கு அடுக்குமா?

கி.மு. 399. ஏதென்ஸ் சந்தைவெளியின் ஓரம், சமய வழக்குகளைக் கவனிக்கும் அதிகாரியின் மண்டப வாசல். அங்கே சந்தித்துக்கொள்கிற இருவரில் ஒருவர் எழுபது வயது சாக்ரடீஸ். தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று அவர்மீது வழக்கு. இன்னொருவர் யூதிஃப்ரோ. அவர் வழக்குத் தொடுக்க வந்திருக்கிறார், பெற்ற தகப்பன்மீதே. பிளேட்டோ எழுதிய ‘யூதிஃப்ரோ’ உரையாடல் இங்கேதான் தொடங்குகிறது.

நடந்தது இது. நக்சோஸ் தீவில் அந்தக் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அங்கே கூலியாள் ஒருவன் குடிபோதையில் வீட்டு அடிமை ஒருவனைக் கழுத்தறுத்துக் கொன்றுவிட்டான். தகப்பன் அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் தள்ளினார். அடுத்து என்ன செய்வதென்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். போனவன் திரும்புவதற்குள் பசியாலும் குளிராலும் கட்டுண்டவன் இறந்துபோனான்.

தகப்பனை மகனே வழக்குக்கு இழுப்பது தெய்வத்துக்கு அடுக்காது என்கிறார்கள் வீட்டார். கொலைத் தீட்டோடு ஒரே வீட்டில் வாழ்வதுதான் அடுக்காது என்கிறார் யூதிஃப்ரோ. இந்த ‘அடுக்கும்’ என்பதற்குக் கிரேக்கர்களின் சொல் ‘ஹோசியோன்’. அதை ஒட்டியது ‘யூசெபேயா’. நம் ‘பயபக்தி’க்கு மிக நெருக்கமானது. மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கையைவிட, நடந்துகொள்ளும் முறையையே அது குறித்தது: பலியிடுவது, பெற்றோரைப் பேணுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, சத்தியம் தவறாமல் இருப்பது.

அப்படியானால் பக்தி என்றால் என்ன என்று கேட்கிறார் சாக்ரடீஸ். “நான் இப்போது செய்கிறேனே, அதுதான்” என்கிறார் யூதிஃப்ரோ. அது உதாரணம், விளக்கம் ஆகாது. தெய்வங்களுக்குப் பிடித்தது என்றால், கிரேக்கத் தெய்வங்களோ தங்களுக்குள் சண்டையிடுபவை. ஒன்றுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. சரி, எல்லாத் தெய்வங்களுக்கும் பிடித்தது? அப்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது: அது நல்லதாக இருப்பதால் தெய்வங்களுக்குப் பிடிக்கிறதா, தெய்வங்களுக்குப் பிடிப்பதால் நல்லதாகிறதா?

இதை விளக்க சாக்ரடீஸ் எடுத்துக்கொள்வது ஒரு சுமை. யாரோ தூக்குவதால்தான் அது ‘தூக்கப்படுவது’ ஆகிறது. பொருளின் இயல்பு அது அல்ல. ‘பிடித்தது’ என்பதும் அப்படியே. அது விரும்புகிறவரைப் பற்றிச் சொல்கிறதே தவிர, விரும்பப்படும் பொருள் எதனால் நல்லது என்று சொல்வதில்லை. பிடிப்பதால்தான் நல்லது என்றால், விருப்பம் மாறினால் நேற்றைய பாவம் இன்றைக்குப் புண்ணியம். நல்லதாக இருப்பதால்தான் பிடிக்கிறது என்றால், நன்மைக்குத் தனியே ஒரு காரணம் உண்டு. அதைத் தேடும் பொறுப்பு மனிதனுக்கும் உண்டு. 2,400 ஆண்டுகளாக இறையியலும் அறவியலும் இந்தக் கவையிலேயே நின்று வாதாடுகின்றன.

யூதிஃப்ரோ அவசர வேலை இருக்கிறதென்று கிளம்பிவிடுகிறார். பிளேட்டோ விடை தரவில்லை.

அந்த ‘யூசெபேயா’ நம் பக்கமும் வந்தது. 1958-இல் காந்தகாரில் கிடைத்த அசோகரின் கிரேக்கக் கல்வெட்டில், ‘தம்மம்’ என்பதற்கு நிற்பது அந்தச் சொல்தான். உயிர்க்கொலையைக் கைவிடுவதும் தாய்தந்தைக்குக் கீழ்ப்படிவதும் அங்கே சேர்ந்தே வருகின்றன. மண்டப வாசலில் யூதிஃப்ரோவை இரண்டு பக்கமும் இழுத்தவை இந்த இரண்டும்தான். ஒரே சொல்லுக்குள் இருக்கும் இரண்டு கடமைகள் மோதும்போது எது அடுக்கும் என்று எந்தக் கல்லும் சொல்லாது. அங்கேதான் சாக்ரடீஸின் கேள்வி நமக்குத் தேவைப்படுகிறது.