உழவர் நிறுவனத்துக்கு எந்தக் கணக்கு மென்பொருள்?

வில்லியனூர், பாகூர் பகுதியில் தனி விவசாயிக்கு வரவு செலவு எழுத ஒரு நோட்டு போதும். இருபது பேர் குழுவுக்கு ரசீது புத்தகமும் எக்செல்லும் போதும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டால் பங்குத்தொகை, உரம், விதை இருப்பு, கொள்முதல், ஜிஎஸ்டி அனைத்துக்கும் டேலி போன்ற மென்பொருள் தேவைப்படும். புதுச்சேரியில் பொருள் விற்பவர்களுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்தான். தமிழகத்தில் 40 லட்சம்.

நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், எந்தத் தேதியில் எது திருத்தப்பட்டது என்பது தானாகப் பதிவாக வேண்டும். இது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். உறுப்பினர் பணத்துக்கு இதுவே காவல்.

பல கிடங்கு, அரவை ஆலை இருந்தால் மட்டும் ஈஆர்பி பற்றி யோசியுங்கள். வாங்குமுன் ஒரு மாதக் கணக்கை ஏற்றிப் பாருங்கள். கணக்காளர் விடுப்பில் போனாலும் இன்னொருவர் பில் போட முடிய வேண்டும்.