ஆண்டவர் பார்த்துக்கொள்வார்: சாபத்துக்கு அஞ்ச வேண்டியவர்களா நாம்?

(வானொலி மறையுரை)



"எங்க குடும்பத்துல ஏதோ சாபம் இருக்கு சாமி." பங்குத்தந்தையர்கள் அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். விசைத்தறியை நம்பியிருக்கிற வீட்டில் நூல் விலை ஏறினால் தறி நின்றுவிடுகிறது. கரிசல் மண்ணில் மானாவாரியாக விதைத்தவரை மழை ஏமாற்றிவிடுகிறது. பூ நன்றாகப் பூத்த நாளில் சந்தையில் விலை விழுந்துவிடுகிறது. இதற்கு நடுவில் மகளுக்கு வரன் தட்டிப்போகிறது. மருமகளுக்குக் குழந்தை தங்கவில்லை. அடிமேல் அடி விழும்போது, "யாரோ விட்ட சாபம்", "முன்னோர் செய்த பாவம்", "செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று மனம் காரணம் தேடுகிறது.

அதன்பிறகு குறி கேட்கப் போகிறார்கள். கயிறு கட்டுகிறார்கள். சிலரோ, "சாபக்கட்டை அறுத்துத் தருகிறோம்" என்று ஜெபத்தின் பெயராலேயே அழைக்கிறவர்களிடம் போய், கடன் வாங்கிய பணத்தைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். போனபோது இருந்த பயம் திரும்பி வரும்போது இரண்டு மடங்காகிவிடுகிறது.

ஆகவே இன்று இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவோம். திருமுழுக்குப் பெற்றவர்மீது சாபத்துக்கு அதிகாரம் உண்டா? "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்கிறோமே, அதன் பொருள் என்ன?

சிலுவையில் முடிந்த சாபம்

மரத்தில் தொங்கவிடப்பட்டவர் கடவுளால் சபிக்கப்பட்டவர் என்று பழைய சட்டம் சொல்கிறது (இச 21:23). அந்த வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் புனித பவுல் கலாத்திய மக்களிடம் பேசுகிறார். கிறிஸ்து மரத்தில் தொங்கினார். நமக்குரிய சாபத்தைத் தம்மீது ஏற்றுக்கொண்டார். விலை கொடுத்து நம்மை விடுவித்தார் என்கிறார் (கலா 3:13-14). கடன் பத்திரம் அடைக்கப்பட்டுக் கிழிக்கப்பட்டபின், அதே கடனுக்கு இன்னொருவர் வந்து வட்டி கேட்டால் நாம் கொடுப்போமா? கிறிஸ்து அடைத்த கடனுக்கு நாம் ஏன் மறுபடியும் கப்பம் கட்ட வேண்டும்?

இங்கே ஒரு கேள்வி எழலாம். தந்தையரின் குற்றத்துக்காக மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தண்டனை என்று பத்துக் கட்டளைப் பகுதியிலேயே இருக்கிறதே (விப 20:5)? அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். கடவுள்மீது அன்பு கொண்டவர்களுக்கு ஆயிரம் தலைமுறைக்கும் இரக்கம் என்று அது சொல்கிறது. மூன்று நான்கு ஒரு பக்கம், ஆயிரம் மறுபக்கம். எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்று நீங்களே பாருங்கள்.

இஸ்ரயேல் மக்கள் நாடு கடத்தப்பட்டிருந்த காலத்தில், பெற்றோர் புளிப்பைத் தின்றதற்குப் பிள்ளைகளின் பல் கூசுவதாக ஒரு பழமொழி சொல்லிப் புலம்பினார்கள். இனி அந்தப் பழமொழியே உங்கள் வாயில் வரக்கூடாது என்று எசேக்கியேல் வழியாக ஆண்டவர் தடுத்தார் (எசே 18). அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு. மனம் திரும்புகிறவர் வாழ்வார் என்பது அந்த அதிகாரம் முழுவதன் சாரம். பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைப் பார்த்து, இது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவா 9:1-3). காரணம் தேடுவதோடு அவர் நிற்கவில்லை. அந்த மனிதருக்குப் பார்வை கொடுத்தார்.

அப்படியானால் முன்னோரின் தவறு பிள்ளைகளைத் தொடுவதே இல்லையா? தொடுகிறது. குடிக்கு அடிமையான தகப்பனின் கடனை மகன் சுமக்கிறான். அடித்து வளர்க்கப்பட்டவன் தன் பிள்ளையையும் அடிக்கிறான். இதற்குப் பெயர் விளைவு, சாபம் அன்று. விளைவை மருத்துவத்தால், மனமாற்றத்தால், மன்னிப்பால், உழைப்பால் மாற்றலாம். சாபம் என்று பெயர் வைத்துவிட்டால் யாருமே பொறுப்பேற்க வேண்டியதில்லை. மாற்றுகிற வேலையும் நடக்காது.

திருஅவையின் போதனையும் இதுவே. திருமுழுக்கில் பிறப்புநிலைப் பாவமும் நாமே செய்த எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படுகின்றன என்று மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. குறி பார்ப்பது, மாந்திரீகம், தாயத்து ஆகியவற்றை அதே ஏடு கண்டிக்கிறது. தலைமுறைச் சாபத்தை அறுப்பதற்கென்று தனி வழிபாடுகள் பரவியபோது, பிரான்சு ஆயர்களின் கோட்பாட்டுக் குழு 2007-லும், போலந்து ஆயர்கள் 2015-லும், ஸ்பெயின் ஆயர்களின் கோட்பாட்டு ஆணையம் 2024-லும் அவற்றின் பிழையைச் சுட்டிக்காட்டின. இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது நம் பழம்பெரும் மரபு, அதை விட்டுவிடாதீர்கள். முன்னோர்மீதுள்ள அன்பினால் அதைச் செய்கிறோம். அவர்களிடமிருந்து நமக்குப் பாவம் தொற்றிவிடும் என்ற பயத்தினால் அல்ல.

பார்த்துக்கொள்கிற கடவுள்

ஆபிரகாம் மகன் ஈசாக்கோடு மோரியா மலை ஏறினார். பலி ஆடு எங்கே என்று மகன் கேட்டான். கடவுளே பார்த்துக்கொள்வார் என்றார் தகப்பன். உச்சியில் முட்புதரில் கொம்பு சிக்கிய கிடாய் ஒன்று நின்றது. அந்த இடத்துக்கு ஆபிரகாம் வைத்த பெயர் 'யாவேயிரே' (தொநூ 22). அதில் உள்ள எபிரேய வினைக்கு நேர்ப்பொருள் 'பார்ப்பது'. நம் தமிழிலும் அப்படித்தானே? "பிள்ளையைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஒரு தாய் வேலைக்குப் போனால், சும்மா கண்ணால் பார்த்துக்கொண்டிரு என்றா பொருள்? பசித்தால் ஊட்டு, அழுதால் தூக்கு, கூடவே இரு என்று பொருள். இறைப் பராமரிப்பு என்பது அதுதான்.

பாலைநிலத்தில் மன்னா பொழிந்தது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு, அந்தந்த நாளுக்கு மட்டும். அடுத்த நாளுக்கென்று பதுக்கியது புழுத்துப்போனது (விப 16). வானத்துப் பறவைகளைப் பாருங்கள் என்று இயேசு சொன்னதும் இந்த நம்பிக்கையைத்தான் (மத் 6:25-34). பறவைக்கு உணவு உண்டு. ஆனால் அது கூட்டைவிட்டுப் பறந்து போய்த்தான் தேடுகிறது. நம்பிக்கை சோம்பேறித்தனம் அல்ல. நம்பினால் பணம் பெருகும், நோயே வராது என்ற வாக்குறுதியும் அல்ல. கிறிஸ்துவின் வழியாக நமக்கு வந்துசேரும் ஆபிரகாமின் ஆசி தூய ஆவியார் என்கிறார் பவுல். பொன்னும் பொருளும் என்று சொல்லவில்லை.

தேவசகாயம் என்ற பெயர்

இதை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறார். நெல்லையைத் தாண்டி நாகர்கோவில் சாலையில் போனால், காவல்கிணற்றுக்குப் பக்கத்தில் வடக்கன்குளம். 1745 மே 14 அன்று அங்கேதான் நீலகண்டன் என்பவர் இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார்.

1712-ல் நட்டாலத்தில் பிறந்த அவர், மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரசுப் பணியில் இருந்தவர். கால்நடைகள் மடிந்தன; பயிர் பொய்த்தது; சொத்து கரைந்தது. மனம் கலங்கியிருந்தவரிடம் பேசியவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்த டச்சுப் படைத்தலைவர் அவர். உன் குடும்பத்துக்குச் சாபம் என்று அவர் சொல்லவில்லை. பரிகாரமும் சொல்லவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத ஒரு நேர்மையாளரின் கதை அது. இழப்பு வந்ததால் கடவுள் கைவிட்டார் என்று பொருளல்ல என்பதை நீலகண்டன் அதில் கண்டுகொண்டார்.

திருமுழுக்கில் அவர் பெற்ற பெயர் லாசர். 'கடவுள் உதவுகிறார்' என்பது அதன் பொருள், தமிழில் தேவசகாயம். மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார்.

அதன்பின் இழந்த மாடுகள் திரும்பி வந்தனவா? இல்லை. இருந்த பதவியும் போனது. சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகியதும் பகையைக் கூட்டியது. 1749-ல் கைதானார். அடித்தார்கள், எருமைமேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தவர் முழங்கையால் பாறையைத் தட்ட, நீர் சுரந்தது என்று மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். கட்டுகள் அவிழவில்லை, தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தது. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது வயது 39.

உலகத்தின் கணக்கில் இதைவிடச் சாபமான வாழ்வு எது? ஆனால் 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். கடவுள் உதவுகிறார் என்ற அந்தப் பெயர் சங்கிலியிலும் பொய்யாகவில்லை. அவர் இழக்காதது ஒன்றுண்டு: ஆண்டவர் தம்மோடு இருக்கிறார் என்ற உறுதி.

நாம் செய்ய வேண்டியது

அன்பானவர்களே, குழந்தை இல்லாத பெண்ணை, கணவனை இழந்த பெண்ணை, திருமணம் தள்ளிப்போகும் மகளை "சாபம் பிடித்தவள்" என்று சொல்லும் வாய் நம் வீட்டில் இருந்தால், இன்றே அதை அடக்குவோம். கிறிஸ்து தம் இரத்தத்தால் மீட்ட ஒருவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்ட நமக்கு உரிமை இல்லை. நல்ல காரியங்களில் அவர்களை முன்னே அழைப்போம்.

பயம் அழுத்தினால் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள், நற்கருணையை வாங்குங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. நோய் என்றால் மருத்துவரிடம் போங்கள். மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார். கந்துவட்டியில் சிக்கியவர் மறைக்காமல் பங்கில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லட்டும். கேட்கிறவர் ஊரெல்லாம் பரப்பாமல் உதவட்டும். ஆண்டவர் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரின் கைகள் வழியாகத்தான். அந்தக் கை உங்களுடையதாக இருக்கலாம்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் சாபத்தை உம் சிலுவையில் சுமந்தீரே, நன்றி கூறுகிறோம். காரணம் தெரியாத துன்பத்தில் எங்களுக்குப் பொறுமை தாரும். அன்றாட உணவை அன்றன்று தாரும். புனித தேவசகாயத்தைப்போல, எதை இழந்தாலும் உம்மை இழக்காத வரம் தாரும். ஆமென்.